குளத்துக் களை வயலுக்குப் பசளை

(வீட்டுத்தோட்டக்காரர்களும் அயல் கிராமத்து விவசாயிகளும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. வாசகர்களின் பயன் கருதி, பேசிய நடையிலேயே தருகிறோம்.)



இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் பெரட்டுக்குப் போய், மலை ஏறிக் கொழுந்து பறித்து, ஏழாம் நாள்தான் துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் நேரம் கிடைக்கிறது. அந்த நாளையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம தோட்டத்துக் குளத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதை மூடிக்கொண்டிருந்த ஜப்பான் ஜபராவைப் பற்றியும், அது எப்படி இன்றைக்குப் போஞ்சிப் பாத்திக்கும் கத்தரிப் பாத்திக்கும் பசளையாகப் போகிறது என்பதைப் பற்றியும் சொல்லப்போகிறேன். அதோடு நான் செய்த ஒரு பிழையையும் சொல்லத்தான் வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது பாதிக் கதையாகத்தான் இருக்கும்.

பூவுக்காக வந்த வினை

நம்ம குளம் வெள்ளைக்கார துரைமார் காலத்தில், ஸ்டோரில் சக்கரம் சுற்றுவதற்காகக் கட்டியது. சக்கரம் போய் வெகு காலமாகிவிட்டது. ஆனால் குளம் இருக்கிறது. பீலிக்குத் தண்ணீர் அதிலிருந்துதான் வருகிறது. லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறிப் பாத்திகளுக்கும் அதே தண்ணீர்தான். மிச்சம் வழிந்து கீழே ஓடையில் விழுந்து, கிராமத்து வயலுக்குப் போகிறது.

இந்தக் குளத்துக்கு ஜபரா எப்படி வந்தது? யாரோ பட்டணத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் பேசினில் நாலு செடி கொண்டுவந்தார்கள். ஊதாப் பூ. பார்க்க அழகாகத்தான் இருக்கும். பேசின் உடைந்தது, செடி குளத்துக்குப் போனது. அவ்வளவுதான். கொண்டுவந்தவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. பூவுக்கு ஆசைப்படாத பெண்பிள்ளை யார்? இந்த நாட்டுக்கே அது அப்படித்தான் வந்தது. தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பக்கத்துச் செடி இது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அழகுச் செடியாக இலங்கைக்கு வந்து, சில வருஷத்துக்குள்ளேயே ஆறு குளமெல்லாம் பரவி, 1909ஆம் ஆண்டில் இதற்கென்றே தனியாக ஒரு சட்டம் போடவேண்டி வந்தது.

இங்கே ஒரு கதையும் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் விமானம் ஏமாந்துபோய், புல்வெளி என்று நினைத்துத் தண்ணீரில் இறங்கட்டும் என்று வெள்ளைக்காரன் விட்ட செடி, அதனால்தான் ஜப்பான் ஜபரா என்று பேர் வந்தது என்பார்கள். கேட்க நல்ல கதைதான். ஆனால் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டது 1942 ஏப்ரலில். சட்டம் வந்தது அதற்கு முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்பு. அப்படியானால் செடி முதலிலேயே இங்கே இருந்திருக்கிறது, இல்லீங்களா? யுத்தம் கொண்டுவந்த வினை அல்ல இது. நம்ம வீட்டு முற்றத்து ஆசை கொண்டுவந்த வினை. புத்தகத்தில் இதை ஆகாயத்தாமரை என்று எழுதுவார்கள். பேர் எதுவானாலும் செடி ஒன்றுதான்.

இதற்கு ஒரு தங்கச்சியும் உண்டு, சல்வீனியா. சின்னச் சின்ன இலையாக, மேலே மயிர் போல இருக்கும். அது 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்காகக் கொண்டுவரப்பட்டு, வெளியே தப்பி, வயலையும் வாய்க்காலையும் மூடியது. 1986இல் அதைத் தின்னுகிற ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். பல இடங்களில் அந்த வண்டு நல்ல வேலை செய்தது. ஜபராவுக்கும் வண்டு விட்டார்கள். ஆனால் ஜபராவை அது அந்த அளவுக்கு அடக்கவில்லை. ஆகவே நம்ம குளத்துக்கு நம்ம கைதான் மருந்து.

ஒன்று ஆயிரமாகும் கணக்கு

நல்ல வெயிலும் சத்துள்ள தண்ணீரும் கிடைத்தால், ஜபரா இரண்டு வாரத்துக்குள் இரண்டு மடங்காகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு ஒரு செடி. இரண்டு வாரத்தில் இரண்டு. ஒரு மாதத்தில் நாலு. ஐந்து மாதத்தில் ஆயிரத்துக்கு மேல். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களே விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள்.

இந்தக் கணக்கில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. குளம் பாதி மூடியிருக்கும்போது நாம், “இன்னும் பாதி இருக்குதே, அடுத்த மாதம் பார்ப்போம்” என்று இருப்போம். ஆனால் பாதி மூடிய குளம் முழுதாக மூட வேண்டியது இரண்டே வாரம். அதேபோல, முக்கால்வாசியை அள்ளிவிட்டு, கால்வாசியை விட்டுவிட்டால், ஒரு மாதத்தில் பழைய கதைதான். ஒரு நாள் சிரமதானம் வைத்து, போட்டோ எடுத்து, பணிஸும் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனால் இந்தக் களை போகாது. அள்ளி, பிறகும் அள்ளி, பிறகும் அள்ள வேண்டும்.

குளம் மூடினால் என்ன நடக்கும்? வெளிச்சம் கீழே போகாது. செத்த இலை அடியில் அழுகும். தண்ணீரில் காற்று குறையும், மீன் சாகும். வெறும் தண்ணீரை விட இந்தச் செடி மூடிய தண்ணீர் வேகமாக வற்றும், ஏனென்றால் ஒவ்வொரு இலையும் தண்ணீரை உறிஞ்சிக் காற்றில் விடுகிறது. கோடையில் பீலியில் நூல் போலத் தண்ணீர் வந்தபோது எல்லோரும் குழாயைக் குறை சொன்னோம். குழாயில் குறை இல்லை. வாயில் ஜபரா வேர் அடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்று. மன்சோனியா என்று ஒரு நுளம்பு இனம் இருக்கிறது. அதன் புழு மற்ற நுளம்புப் புழு மாதிரி மேலே வந்து மூச்சு விடாது. தண்ணீருக்குள்ளேயே இந்த மாதிரிச் செடிகளின் வேரைத் துளைத்து அதிலிருந்து காற்று எடுக்கும். யானைக்கால் நோயில் ஒரு வகையைப் பரப்புவது இந்த இனம்தான். இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த நல்ல பேரை நாம் காப்பாற்ற வேண்டாமா?

நான் செய்த பிழை

இப்போது என் கதைக்கு வருகிறேன். முதல் தடவை சிரமதானம் வைத்தது நான்தான். நாற்பது பேர் வந்தீர்கள். காலை எட்டு மணிக்கு இறங்கி, மூங்கில் கழியாலும் கயிற்றாலும் இழுத்து, கரைக்குக் கொண்டுவந்தோம். கரையில் ஏற்றுவது கஷ்டமாக இருந்தது. நூறு கிலோ ஜபராவில் தொண்ணூறு கிலோவுக்கு மேல் தண்ணீர். ஒரு கூடை தூக்கினால் தலை அமுங்கும். பதினொரு மணிக்கெல்லாம் பெண்கள் களைத்துவிட்டார்கள். அப்போது ஒரு தம்பி, “மிஸ், வான்கதவுப் பக்கமாத் தள்ளிவிட்டா தண்ணியே கொண்டுபோயிடும்” என்றான். நானும், “சரி, தள்ளுங்க” என்றேன். ஒரு மணிக்கெல்லாம் குளம் பளிச்சென்று ஆகிவிட்டது. எல்லோரும் கை தட்டினோம்.

மூன்று வாரம் கழித்துக் கீழ்க் கிராமத்திலிருந்து ஒரு மாத்தயா என் அலுவலகத்துக்கு வந்தார். இப்போது இந்தக் கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “மிஸ், ஒருக்கா வந்து எங்க எலயைப் பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். வயலுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் முழுக்க ஜபரா. தண்ணீர் கரை உடைத்து, நாற்று நட்ட வயலில் ஒரு மூலை மண்ணோடு போய்விட்டது. அவருடைய மனைவி வாய்க்காலுக்குள் நின்று கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் சாப்பிடுகிற அரிசி அந்த வயலில்தான் விளைகிறது. மாத்தயா சொன்னார்: “உங்களுக்குக் குளம் சுத்தமாச்சு. எங்களுக்கு இந்தப் போகம் போச்சு.”

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மேலே இருக்கிறவன் தள்ளிவிட்டால் கீழே இருக்கிறவன் தலையில்தான் விழும். தோட்டத்து ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். மேலே இருப்பவர்கள் தள்ளிவிட்டது எத்தனையோ நம்ம தலையில் விழுந்திருக்கிறது. அதே வேலையை நானே செய்துவிட்டேனே என்றுதான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் நம்ம ஆட்கள் பன்னிரண்டு பேர் வயலுக்கு இறங்கி அந்த வாய்க்காலைச் சுத்தம் செய்தார்கள். யாருக்கும் பேர் போடவில்லை, கைக்காசும் இல்லை. அதைச் செய்தவர்களுக்கு இந்த மேடையில் நன்றி சொல்ல வேண்டும். போன போகத்தை அதனால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஆனால் அன்று பகல் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, மாத்தயா வீட்டில் தந்த பலாக்காயும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே பேசியபோதுதான் கூட்டெரு யோசனை வந்தது. கரையில் மலை போலக் களை கிடக்கிறது. அவர் வீட்டில் வைக்கோலும் மாட்டுச் சாணமும் கிடக்கிறது. நம்ம பக்கத்தில் கவ்வாத்து மிலாறும் மானாப் புல்லும் கிடக்கிறது. மூன்றையும் சேர்த்தால் என்ன?

முதல் குவியல் ஏன் நாறியது

யோசனை நல்லதுதான். ஆனால் முதல் குவியல் நாறிப்போனது. அதையும் மறைக்க மாட்டேன். அள்ளிய கையோடு பச்சையாகவே நாலு அடி உயரத்துக்குக் குவித்தோம். மேலே கொஞ்சம் சாணம் தெளித்தோம். பத்து நாளில் கறுப்புத் தண்ணீர் ஒழுகி, ஈ மொய்த்து, பிள்ளை மடுவத்து ஆயாம்மா வந்து சண்டை பிடித்தார். அவர் சண்டை பிடித்தது நியாயம். அடியில் கூழாகி அழுகியது, மேலேயோ புதுத் துளிர் விட்டு ஜபரா பூக்கத் தயாராக நின்றது!

கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டேன். அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி சொல்கிறேன். கூட்டெரு உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு நம்மைப் போலவே சாப்பாடு வேண்டும், தண்ணீர் வேண்டும், காற்று வேண்டும். நாம் தண்ணீரை மட்டும் அள்ளிக் கொடுத்தோம். தண்ணீர் எல்லா இடுக்கையும் அடைத்தது, காற்றுப் போக வழியில்லை. காற்றில்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர் வேலை செய்யும். அதுதான் நாற்றம். குவியல் சூடாகவும் இல்லை. சூடு வராவிட்டால் தண்டும் சாகாது, விதையும் சாகாது.

சரியாகச் செய்யும் முறை

இனி, நாம் இப்போது செய்கிற முறையைச் சொல்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, அள்ளும் காலம். பூப்பதற்கு முன்பு அள்ள வேண்டும். பூத்து முடிந்ததும் பூந்தண்டு வளைந்து தண்ணீருக்குள் போய் விதையைக் கொட்டும். அந்த விதை சேற்றுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். ஆகவே ஊதாப் பூவைக் கண்டால் ரசித்துக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே அள்ளுங்கள். மழை குறைந்த மாசி, பங்குனி மாதம் இதற்குத் தோதானது.

இரண்டாவது, வேரை வெட்டுதல். வேரில் சேறும் விதையும் நத்தையும் இருக்கும். ஈயம், கட்மியம் போன்ற நஞ்சு உலோகங்களை இந்தச் செடி தண்ணீரிலிருந்து உறிஞ்சி வேரில்தான் அதிகமாகச் சேர்த்து வைக்கும். ஆகவே பட்டணத்துக் கான், ஆஸ்பத்திரிக் கழிவு, தொழிற்சாலைக் கழிவு விழுகிற இடத்து ஜபராவை மரக்கறிக்குப் போடவே கூடாது. களைநாசினி அடித்த செடியும் வேண்டாம். நம்ம குளத்துக்கு மேலே அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் வேரைத் தனியாக வெட்டி, மேட்டில் குழி தோண்டிப் புதைக்கிறோம்.

மூன்றாவது, வாட வைத்தல். குளத்திலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளி, மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகாத மேட்டில் பரப்பி, நாலு தொடக்கம் ஏழு நாள் வாட விடுங்கள். இடையில் ஒருமுறை புரட்டுங்கள். பாரம் பாதிக்கு மேல் குறையும். தாய்மார்களே, தலையில் சுமப்பது வாடிய பிறகுதான். பச்சையாகச் சுமக்கவே வேண்டாம். வாடியதைக் கவ்வாத்துக் கத்தியால் இரண்டு அங்குலத் துண்டாக வெட்டுங்கள்.

நாலாவது, குவியல் போடுதல். இடம் நிழலாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, பீலியிலிருந்தும் லயத்திலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். சுற்றிலும் சின்னதாக ஒரு கான் வெட்டுங்கள். அகலம் ஐந்து அடி. நீளம் உங்களிடம் இருக்கிற பொருளைப் பொறுத்தது. அடியில் அரை அடிக்குக் கவ்வாத்து மிலாற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள். காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகும். அதன் மேலே வாடிய ஜபரா அரை அடி. அதன் மேலே வைக்கோல் அல்லது காய்ந்த மானாப் புல் நாலு விரல்கட்டை. கிடைத்தால் கிளிரிசிடியா இலை ஒரு கை. அதன் மேலே சாணத்தைக் கரைத்துத் தெளித்து, மேல் மண் கொஞ்சம் தூவுங்கள். திரும்பவும் ஜபரா, வைக்கோல், சாணம். நாலு அடி உயரம் வந்ததும் நிறுத்துங்கள். நாங்கள் வைத்திருக்கிற கணக்கு: வாடிய ஜபரா மூன்று கூடைக்குக் காய்ந்த பொருள் இரண்டு கூடை, சாணம் ஒரு கூடை. மேலே வாழை இலையோ பழைய சாக்கோ போட்டு மூடுங்கள். அடைமழைக் காலத்தில் மேலே ஒரு படங்கை, ஓரம் தரையில் படாமல் கூரை மாதிரிக் கட்டுங்கள்.

ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம், காய்ந்த புல்லைச் சேர்த்துப் புரட்டுங்கள். கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

ஐந்தாவது, சூடு பார்த்தல். நாலைந்து நாளில் குவியல் சூடேற வேண்டும். ஒரு இரும்புக் கம்பியை நடுவில் பத்து நிமிஷம் செருகி எடுத்துத் தொட்டுப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்க முடியாத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. உள்ளே 55 பாகைக்கு மேல் மூன்று நாளாவது நின்றால்தான் விதையும் தண்டும் சாகும். இரண்டு வாரத்தில் முள்ளால் புரட்டுங்கள். வெளியே இருந்தது உள்ளே போகவேண்டும், உள்ளே இருந்தது வெளியே வரவேண்டும். இதில்தான் எல்லோரும் சோம்பல்படுவது. ஓரத்தில் இருக்கிற துண்டு சூடு படாமல் தப்பிவிடும். தப்பினால் அதே போதும், பிறகு உங்கள் பாத்திக்குப் பக்கத்துக் கானில் முளைக்கும். இப்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை புரட்டி, பிறகு ஒரு மாதம் ஆற விடுங்கள். மூன்று மாதத்தில் தயாராகும். குளிர் கூடின மேல் தோட்டங்களில் நாலு மாதம் பிடிக்கும்.

தயாரான கூட்டெரு கறுப்பாக, உதிரியாக, முதல் மழைக்கு மண் மணக்கிற மாதிரி மணக்கும். சூடு இருக்காது. எது ஜபரா, எது வைக்கோல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் ஒரு டின்னில் போட்டுப் பத்துப் பயறு விதைத்துப் பாருங்கள். நன்றாக முளைத்தால் பாத்திக்குப் போடலாம். மூன்றடி அகலம், பத்தடி நீளமான பாத்திக்கு மூன்று தொடக்கம் ஐந்து கிலோ போட்டு மண்ணோடு கலந்து விடுங்கள்.

கூட்டெரு எதைச் செய்யும், எதைச் செய்யாது

இந்த இடத்தில் கொஞ்சம் உண்மை பேச வேண்டும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். வயலும் தேயிலையும் மரக்கறியும் பட்ட பாடு பெரும்பாடு. அதே வருஷம் நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் 2022இல் பசளை விலை ஏறிய ஏற்றத்தில், ஒரு மூட்டை வாங்குவது நம்ம மாதிரி ஆட்களுக்குக் கனவாகிப்போனது. அந்த நேரத்தில், “கூட்டெரு இருந்தா போதும்” என்று பலர் பேசினார்கள். கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அதே அளவு நைதரசன் கூட்டெருவிலிருந்து வரவேண்டுமானால் மூன்று, நாலு தொன் வேண்டும். அதை ஒரு மாதத்தில் யார் செய்வது?

ஆகவே இது யூரியா மூட்டைக்கு மாற்று என்று நான் சொல்ல மாட்டேன். இது மண்ணுக்கு. சரிவு நிலத்தில் மழை அடித்து மேல் மண் போய், சரளை தெரிகிற நம்ம பாத்திகளுக்கு ஈரம் பிடித்து வைக்கிற சக்தி இல்லை. கூட்டெரு அந்தச் சக்தியைக் கொடுக்கும். ஜபராவில் பொட்டாசியமும் நன்றாக இருக்கிறது. இரசாயனப் பசளை போடுகிறவர்களுக்கும், போட்டது மழையோடு போகாமல் மண்ணில் நிற்கும். நம்ம பாத்திகளில் போன வருஷம் போஞ்சி கோடையிலும் வாடாமல் நின்றதை நீங்களே பார்த்தீர்கள். மாத்தயாவின் கத்தரியையும் போய்ப் பாருங்கள், காட்டுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்து மூட்டை பச்சை ஜபராவை வைத்துப் பத்து மூட்டை உரம் வரும் என்று எண்ணாதீர்கள். தண்ணீர் போனால் மிஞ்சுவது ஒரு மூட்டை கூட இல்லை. வைக்கோலும் மிலாறும் சாணமும் சேர்வதால்தான் குவியல் குவியலாகத் தெரிகிறது. ஆகவே இது தோட்டமும் கிராமமும் சேர்ந்தால்தான் நடக்கிற வேலை. நமக்கு மாடு குறைவு, அவர்களுக்கு ஆள் குறைவு. இப்போது குவியலில் பாதி நமக்கு, பாதி அவர்களுக்கு. எழுதி ஒப்பந்தம் போடவில்லை. இதுவரை ஒரு கூடை கூடத் தகராறு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

குளத்தில் இறங்குகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். எலிக்காய்ச்சல் உயிரைக் கொண்டுபோகிற நோய். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டால் வரும். காலிலோ கையிலோ புண் இருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். நீளச் சப்பாத்தும் கையுறையும் இருந்தால் போடுங்கள். இறங்கும் நாளுக்கு முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால், தேவையான தடுப்பு மாத்திரை பற்றிச் சொல்வார். வேலைக்குப் பிறகு காய்ச்சல், தசை நோவு, கண் சிவப்பு வந்தால், “சளிதான்” என்று பனடோல் போட்டுக்கொண்டு படுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், தண்ணீரில் இறங்கினதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்வது மிக முக்கியம்.

பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டி வராதீர்கள். ஜபரா மூடிய குளம் பிள்ளையின் கண்ணுக்குப் புல்தரை மாதிரித் தெரியும். கால் வைத்தால் ஆழம். தனியாக ஒருவரும் இறங்கக் கூடாது. கரையில் கயிற்றோடு ஒருவர் நிற்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

போன மாதம் ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டாள்: “மிஸ், உரம் நல்லா இருக்குதே. குளத்துல ஒரு மூலையில கொஞ்சம் ஜபராவை விட்டு வளர்த்தா என்ன? எப்பவும் உரம் கிடைக்குமே?” நல்ல பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் அந்த எண்ணம் வேண்டாம் தங்கச்சி. நாம் உரத்துக்காகக் களை வளர்க்கவில்லை. களையை ஒழிக்கும் வேலையில் கிடைக்கிற கூலிதான் இந்த உரம். ஒரு நாள் குளத்தில் அள்ளுவதற்கு ஜபராவே இல்லாமல் போக வேண்டும். அன்றைக்கு மானாப் புல்லும் மிலாறும் குசினிக் குப்பையும் வைத்து இதே முறையில் கூட்டெரு செய்வோம். கை பழகிவிட்டதே, பிறகென்ன?

அதேபோல உயிருள்ள செடியை ஒருவரும் வேறு இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. பூவுக்கென்றாலும் வேண்டாம், மீன் தொட்டிக்கென்றாலும் வேண்டாம். கொடுப்பதானால் ஆறிய கூட்டெருவைக் கொடுங்கள். ஓடையில் ஒரு செடி மிதந்து போவதைக் கண்டால் ஓடிப்போய்ப் பிடியுங்கள். அது கீழே ஒருவருடைய சோற்றுக்குத்தான் போகிறது.

வான்கதவுக்குக் குறுக்கே இப்போது மூங்கில் தட்டி கட்டியிருக்கிறோம். வாரம் ஒருமுறை அதில் சிக்கியதை அள்ள இரண்டு பேர் வேண்டும். முறை வைத்துப் பேர் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். முதல் பேராக என் பேரை எழுதிவிட்டேன். இரண்டாவது பேரை எழுத மாத்தயா இப்போதே கை தூக்குகிறார். மூன்றாவது பேர் யாருடையது என்று கூட்டம் முடிந்து போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.

 வெளியே தேத்தண்ணி ஊற்றி வைத்திருக்கிறார்கள், ஆறுவதற்கு முன் குடியுங்கள்.